கத்திரி வெயிலுக்குத் தாங்கும் உரம் எது?

திருச்சியில் சித்திரை பிறந்துவிட்டால் மத்தியானம் எங்கள் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்தத் தரையில்தான் 30 பைகளில் கத்தரியும் வெண்டையும் கொத்தவரையும் வளர்கின்றன. புதிதாக மாடித்தோட்டம் போடுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பானையில் குப்பையை மக்க வைக்கலாமா, மண்புழு வளர்க்கலாமா, இல்லை பஞ்சகவ்யம் வாங்கி ஊற்றினால் போதுமா?" நான் திருப்பிக் கேட்பேன், "மே மாதம் அதை எங்கே வைப்பீங்க?"

குளிர்ப் பிரதேசத்தில் குப்பை மக்கவில்லையே என்று கவலைப்படுவார்கள். இங்கே வெயில் அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மக்குவதற்கு முன்னால் காய்ந்துபோவதும், மக்கிய பிறகு மண்ணில் தங்காமல் போவதும்தான் நம் தலைவலி. சூடு ஏற ஏற நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னும்; உரத்தில் இருந்த கரிமம் காற்றோடு போய்விடும். தை மாதம் விளிம்பு வரை நிரப்பிய பை ஆனியில் நான்கு விரல் இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் ஒவ்வொன்றையும் வெயிலை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் பானையும் மண்புழுவும்.

சமையலறைக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு பங்கு, ஒரு கைப்பிடி பழைய உரம், கொஞ்சம் புளித்த மோர். பானைக்கு இவ்வளவுதான் வேண்டும். கோடையில் எனக்கு 50 நாளில் உரம் தயாராகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று மாதம் ஆகும். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், அதுதான் சரியான ஈரம். தண்ணீர் ஒழுகினால் அழுகி நாறும். பிழிந்த பிடி உதிர்ந்துவிட்டால் உள்ளே வேலை நின்றுபோனது என்று அர்த்தம். மூக்கைத் துளைக்கிற அமோனியா வாடை வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, இன்னும் சருகு போடுங்கள்.

மண்பானையா பிளாஸ்டிக் டிரம்மா என்றும் கேட்பார்கள். மண்பானை மூச்சு விடும், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் அதன் சுவர் வழியாகவே ஈரம் போய்விடுகிறது. நான் தினமும் தண்ணீர் தெளித்தும் ஓரத்தில் இருந்த தோல்கள் வற்றல் மாதிரி சுருண்டு கிடந்தன. இப்போது பங்குனி முதல் ஆடி வரை பக்கவாட்டில் துளை போட்ட 50 லிட்டர் டிரம், மழைக் காலத்தில் மண்பானை என்று மாற்றிக்கொள்கிறேன். டிரம்மை வெயிலில் வைக்காதீர்கள், தண்ணீர்த் தொட்டியின் நிழலே போதும்.

பானை உரத்தில் ஒரு குறை உண்டு. சின்ன அளவு என்பதால் விதைகளைக் கொல்லும் 55 டிகிரிச் சூடு உள்ளே ஏறாது. அதற்கு ஒரு கன மீட்டராவது குவியல் வேண்டும். ஆகவே கத்தரிக்குப் போட்ட உரத்திலிருந்து தக்காளியும் பூசணியும் முளைத்து வரும். நான் பிடுங்கிப் போடுவதில்லை, பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாற்றாகக் கொடுத்துவிடுவேன்.

மண்புழு உரம் இதைவிடத் தரமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீத்தூள் மாதிரி பொலபொலவென்று, மழை மண் வாசனையோடு இருக்கும். நாற்று விடுவதற்கு அதற்கு நிகரானது வேறு இல்லை. ஆனால் மண்புழுவுக்கு 25 முதல் 30 டிகிரி வரைதான் சுகம், 35-ஐத் தாண்டினால் உயிருக்குப் போராட்டம். இங்கே பலர் விற்கும் ஆப்பிரிக்க மண்புழு கொஞ்சம் சூடு தாங்கும் என்றாலும் மொட்டை மாடியைத் தாங்காது. ஒரு வருடம் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போய் மூன்று நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மேலே போட்டிருந்த ஈரச் சாக்கு அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. கிளறினேன். தொட்டியின் நடுவில், அடியில், புழுக்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருண்டையாகக் கிடந்தன. கடைசி ஈரத்தைத் தேடி அங்கே கூடியிருக்கின்றன. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இரண்டு வருடம் வளர்த்தவை; அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியிலோ கிணற்றடியிலோ இடம் இருந்தால் தாராளமாக மண்புழு வளருங்கள். மாடி மட்டும்தான் என்றால் வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள்: பச்சைக் கழிவை நேராகப் புழுவுக்குப் போடக் கூடாது, அது மக்கும் சூட்டிலேயே புழு செத்துவிடும். 15 நாள் பாதி மக்க வைத்துத்தான் போட வேண்டும். ஆக, புழு வளர்ப்பவருக்கும் ஒரு பானை வேண்டும்.

கடையில் வாங்கலாமே என்றால், ஒருமுறை வாங்கிய மூட்டையில் பாதிக்குப் பாதி வெறும் மண்தான் இருந்தது. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். உடனே அடியில் மணல் படிந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

பானையில் நெளிகிற தடித்த, சாம்பல் நிறப் புழுக்களைப் பார்த்துப் பயந்து பலர் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். அவை கறுப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள். செடியைத் தொடாது, கடிக்காது, அந்த ஈ சாப்பாட்டிலும் உட்காராது. மண்புழுவுக்கு ஆகாத சூட்டில் இவை கொண்டாட்டமாக இருக்கும், தோலையும் சோற்றையும் சில நாளில் தின்று தீர்த்துவிடும். ஈரம் கூடிவிட்டதற்கு அவை ஓர் அறிகுறி. சருகைக் கூட்டினால் குறையும்.

அடுத்து கரைசல்கள். பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் உரம் என்ற பெயரில் விற்றாலும் அவற்றில் செடிக்கான சாப்பாடு கொஞ்சம்தான். முக்கியமாக அவை தருவது உயிர். மக்கிய பொருள் இல்லாத வெறும் மண்ணில் ஊற்றினால் அந்த நுண்ணுயிர்கள் எதைத் தின்று வாழும்? மக்கு உரம் போட்ட பைக்கு மட்டுமே கரைசல் வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

இரண்டில் எது? இயற்கை விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் சொன்ன ஜீவாமிர்தம் ஏக்கர் கணக்கில் 200 லிட்டர் செய்வது. மாடிக்கு 10 லிட்டர் போதும்: அரை கிலோ சாணி, அரை லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 100 கிராம் வீதம், ஒரு சிட்டிகை நல்ல மண். நம் வெயிலில் இரண்டே நாளில் தயார், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பஞ்சகவ்யத்துக்கு ஒரு மாதம் ஆகும், தினமும் இரண்டு வேளை கலக்க வேண்டும், நெய்யும் பாலும் தயிரும் செலவு. ஆனால் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 30 மில்லி கலந்து இலைமேல் தெளிக்கலாம். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் ஜீவாமிர்தம், இல்லாவிட்டால் நம்பிக்கையான ஒருவரிடம் பஞ்சகவ்யம் வாங்குவது நல்லது. எதுவானாலும் சாயங்காலம், முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைத்த பிறகுதான். காய்ந்த சூட்டு மண்ணில் ஊற்றினால் எல்லாம் வீண்.

மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலம் பூக்கும் செடிக்கு நன்றாக எடுபடுகிறது. தெருப் பூனைகளுக்கும் அது பிடிக்கும், மூடியை இறுக்கிக் கட்டுங்கள்.

உண்மையான சாப்பாடு புண்ணாக்கில் இருக்கிறது. தழைச்சத்தை (நைட்ரஜன்) மட்டும் பார்த்தால் ஒரு கிலோ தொழு உரத்தில் ஏறக்குறைய 5 கிராம், மண்புழு உரத்தில் 15 கிராம், வேப்பம் புண்ணாக்கில் 50, கடலைப் புண்ணாக்கில் 70. அதனாலேயே ஜாக்கிரதை வேண்டும். கடலைப் புண்ணாக்கைப் பொடியாகத் தூவினால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் எலியும் வரும். மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். வேப்பம் புண்ணாக்கு மெதுவாகத்தான் சத்தை விடும், வேரைத் தாக்கும் நூற்புழுவையும் அடக்கும். கோடையில் என் கை அதற்குத்தான் போகும். மஞ்சளித்துப்போய் அவசரமாகச் சத்து தேவைப்படும் செடிக்கு மட்டும் கடலை.

இத்தனையும் போட்டுவிட்டு மண்ணைத் திறந்து விட்டால் வெயில் தின்றுவிடும். கரூர் மாவட்டத்தில் கடவூர்ப் பக்கம் வானகம் பண்ணையை உருவாக்கிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன மூடாக்கு மாடிக்கும் அப்படியே பொருந்தும். மூன்று விரல் கனத்துக்குச் சருகு பரப்பிய பையில் காலையில் ஊற்றிய தண்ணீர் மறுநாளும் விரலுக்குத் தட்டுப்படும். பரப்பாத பையில் மண் மாலைக்குள் வெடித்துவிடும். காவிரிக் கரை வாழைத் தோப்புகளில் காய்ந்த மட்டையைக் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

சருகுக்குக் கோடையில் தேடி அலையாதீர்கள். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் தெருவெல்லாம் இலை கொட்டும், கூட்டிக் கொளுத்துவதற்கு முன்னால் போய் நான்கு சாக்கு அள்ளி வைத்துவிடுங்கள். டிரம்முக்கும் மூடாக்குக்குமாக ஆடிப்பட்டம் வரை வரும்.