எப்சன் வி700 ஸ்கேனர்: லேம்ப்பை எப்போது மாற்றலாம்?

பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் நான் சொல்வது எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி700. 2006-ல் வந்த மெஷின். 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளி), இரண்டு லென்ஸ், 35 மி.மீ. ஃபிலிமுக்கும் அதைவிட அகலமான 120 ரோல் ஃபிலிமுக்கும் தனித்தனி ஹோல்டர். கும்பகோணத்தில் என் கடைக்கு வருவதில் பெரும்பாதி கல்யாண நெகட்டிவ்கள்தான். பட்டுச் சரிகையின் இழை வரைக்கும் இது எடுத்துக் கொடுக்கிறது. இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும் என்பதால் லேம்ப்பைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வருஷக் கணக்கை வைத்து அதை மாற்றாதீர்கள்.

இதில் எரிவது சிசிஎஃப்எல் என்ற மெல்லிய குழல். உள்ளே பாதரச ஆவி, கண்ணாடிச் சுவரில் வெளிச்சம் தரும் பாஸ்பர் பூச்சு. பிரிண்ட்டுக்குக் கீழே ஒன்று, ஃபிலிமுக்கு மூடிக்குள் ஒன்று. எதை அதிகம் எரிக்கிறீர்களோ அது முதலில் தளரும். ஃபிலிம் வேலையே செய்கிற எனக்கு மூடி விளக்கின் மேல்தான் கண். இந்த வகைக் குழலுக்குப் போடும் ஆயுள் மணிக்கணக்கும் அது அணைந்துபோகும் நேரம் இல்லை. வெளிச்சம் பாதியாகக் குறையும் நேரம்.

வெளிச்சம் குறைந்தால் படம் மங்கும் என்றுதான் பலரும் காத்திருக்கிறார்கள். மங்காது. ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் மெஷின் தன் வெள்ளையைத் தானே அளந்து, குறைந்த வெளிச்சத்துக்கு ஈடாக சிக்னலைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் வெள்ளை எப்போதும் வெள்ளையாகவே வரும். சிக்னலோடு சேர்ந்து இரைச்சலும், அதாவது படத்தில் தேவையில்லாத புள்ளிகளும், கூடுவதுதான் கெடுதல். அதைத் தேட வேண்டிய இடம் ஃபிலிமின் அடர்த்தியான, ஒளி குறைவாகப் புகும் பகுதி. ஸ்லைடில் அது நிழல். நெகட்டிவில் தலைகீழ்: மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில்தான் முதலில் மணல் மணலாகப் புள்ளி தெரியும். நீல ஒளி தரும் பாஸ்பர் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேய்வதால் படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனல்களில் நீலத்தை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள். சிவப்பும் பச்சையும் சுத்தமாக இருந்து நீலம் மட்டும் குப்பையாக இருந்தால் எனக்கு அது போதுமான சாட்சி.

இதற்காகவே அடர்த்தியான ஒரு நெகட்டிவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மெஷின் நன்றாக இருக்கும்போதே ஆட்டோ எக்ஸ்போஷர், கலர் கரெக்‌ஷன் எல்லாவற்றையும் அணைத்து ஸ்கேன் செய்து ஃபைலைப் பத்திரப்படுத்தினேன். சந்தேகம் வரும்போது அதே செட்டிங்கில் மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் இப்படி ஒரு நெகட்டிவைக் கையோடு கொண்டு போங்கள். போட்டவுடன் ஒரு ஸ்கேன், அரைமணி எரிந்த பிறகு ஒரு ஸ்கேன். அதற்குப் பிறகும் நிறம் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் குழல் களைத்துவிட்டது. ஊட்டியில் மார்கழிக் காலையில் சூடேற நேரம் பிடிப்பது இயல்பு. சமவெளியில் அந்தச் சாக்கு செல்லாது. குழலின் இரு முனையும் கறுத்திருந்தாலும், இளஞ்சிவப்பாக எரிந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

நீளவாக்கில் கோடு விழுந்தால் லேம்ப்பைக் குறை சொல்லாதீர்கள். ஹோல்டரின் தலைப்பக்கம் இருக்கும் அளவீட்டு ஜன்னலில் ஒரு தூசி இருந்தாலே படம் முழுக்கக் கோடு ஓடும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கண்ணாடியின் உட்புறம் படிந்த பனிப்படலத்தைப் பாருங்கள். அதைத் துடைத்தாலே பாதிக் குறை தீரும். விட்டுவிட்டு எரிந்தால் குழலுக்கு மின்சாரம் தரும் இன்வர்ட்டர் என்ற சிறு சர்க்யூட்டைச் சோதித்த பிறகுதான் குழலுக்கு வர வேண்டும்.

மாற்றுவதென்றால் நீளமும் விட்டமும் அப்படியே பொருந்த வேண்டும். குழல் விலை பெரிதில்லை, பிரித்துக் கோர்க்கும் கைதான் முக்கியம். பல நூறு வோல்ட் ஓடும் ஒயர் அது. பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பமோ வேக்யூமோ போடாமல், கெட்டி அட்டையால் துண்டுகளை வழித்து மூடிய டப்பாவில் போடுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் பழைய கலர் ப்ரொஃபைல் ஃபைல் புதுக் குழலுக்கு உதவாது, ஐடி8 என்ற நிற அளவீட்டு அட்டையை வைத்துப் புதிதாக எடுக்க வேண்டும்.

2014-ல் வந்த வி850-ல் எல்இடி விளக்கு, சூடேறக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அதிலும் அதே 6400 டிபிஐ, எவ்வளவு அடர்த்தியான ஃபிலிம் வரை படிக்கும் என்று கம்பெனி சொல்லும் அடர்த்தி வரம்பும் அதே 4.0. கண்ணாடியும் மோட்டாரும் நன்றாக இருக்கும் வி700-ஐ வைத்திருப்பவர்கள் குழலை மாற்றிக்கொண்டு அதிலேயே வேலையைத் தொடரலாம். மோட்டார் உறுமினாலோ, படம் நடுவில் வெட்டுப்பட்டாலோ மட்டும் லேம்ப்புக்குச் செலவழிக்காதீர்கள்.