காமிக்ஸ் பக்கத்தையே திரையாக்கிய படம்

காமிக்ஸ் நாயகர்களைத் திரைக்குக் கொண்டுவரும் படங்களில் பெரும்பாலானவை கதையையும் உடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அக்கதை அச்சான பக்கத்தின் அழகைக் கைவிட்டுவிடுகின்றன. 2018-இல் வெளிவந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' அனிமேஷன் படம் அந்த அழகை விட்டுக்கொடுக்காததால்தான், இவ்வகைப் படங்களில் அதற்கே முதலிடம் தருகிறேன்.

பழைய மலிவு அச்சில் நிறம் கொடுத்த சிறு புள்ளிகள் இங்கே முகங்களின் நிழலில் தெரிகின்றன. சிலந்தி கடித்த பிறகு, புதிய ஸ்பைடர்-மேனாகும் சிறுவன் மைல்ஸ் மொராலஸின் மனத்தில் ஓடும் எண்ணங்கள் கட்டங்களுக்குள் எழுத்துகளாகத் தோன்றுகின்றன. நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும் திரையில், கற்றுக்குட்டியான மைல்ஸின் அசைவுகளைப் பல இடங்களில் 12 நிலைகளாகவே வரைந்திருப்பதால், காட்டுக்குள் அனுபவசாலி ஸ்பைடர்-மேனான பீட்டர் பார்க்கருடன் தாவும்போது அவனுடைய தடுமாற்றம் வசனமின்றியே நமக்குப் புரிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

ஸ்பைடர்-மேன் காமிக்ஸின் பதிப்பகமும் 1996-இல் திவால் பாதுகாப்புக் கோரியதுமான மார்வெல், 1990-களின் இறுதியில் ஸ்பைடர்-மேனின் திரைப்பட உரிமையைச் சோனிக்குக் கொடுத்துவிட்டதால், 2009-இல் மார்வெலை டிஸ்னி வாங்கிய பின்னரும் இப்படம் சோனியிடமிருந்தே வந்தது. ஒன்றோடொன்று தொடரும் மார்வெல் படங்களின் கதையுலகோடு ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லாதது, 2011-இல்தான் காமிக்ஸில் அறிமுகமான மைல்ஸுக்கு நல்லதாகவே அமைந்தது என்பேன்.

குறையென்றால், வேறு உலகங்களிலிருந்து வரும் பெனி பார்க்கர் உள்ளிட்ட துணைச் சிலந்தி நாயகர்களுக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை. கறுப்பு வெள்ளை நாயகனான ஸ்பைடர்-மேன் நுவாருக்கு இன்னும் சில காட்சிகளாவது கொடுத்திருக்கலாம்.