வெட்டிவேர் பீர் என்ற பெயரில் பச்சை சிரப்: பெங்களூரில் கிராஃப்ட் பீர் குடிக்கப் போகிறவர்கள் கவனிக்க

இந்திரா நகர் பக்கம், தானே பீர் காய்ச்சி விற்கும் ஒரு மைக்ரோபிரூவரியில் போன வாரம் நடந்தது இது. மெனுவில் ‘வெட்டிவேர், எலுமிச்சைப்புல் சேர்த்துக் காய்ச்சிய பேல் ஏல்’ என்று போட்டிருந்தார்கள். அரை லிட்டர் 550 ரூபாய். வெட்டிவேர் என்றால் எனக்கு உயிர், உடனே சொல்லிவிட்டேன்.

வந்த கிளாஸைப் பார்த்ததுமே சந்தேகம். மேலே வைக்கோல் நிறம், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இளம்பச்சை. நுரை இல்லவே இல்லை. ஒரு வாய் குடித்தால் சர்பத் தித்திப்பு, உதட்டில் பிசுபிசுப்பு.

பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் வகையில், மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும். கடைசியில் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புதான் நாக்கில் நிற்க வேண்டும். எலுமிச்சைப்புல்லை அதிக நேரம் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியாகிவிடும் என்பதால், கொதி முடிகிற நேரத்திலோ நொதித்த பிறகு டாங்கிலோ போடுவார்கள். வெட்டிவேர் பழுப்பு நிற வேர். பானைத் தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் பச்சை இறங்காது, மண்வாசனைதான் வரும். அந்தப் பச்சை, நிறம் சேர்த்து பாட்டிலில் விற்கும் சிரப்பின் பச்சை.

பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். “நேச்சுரல் கலர் சார்” என்றார். எழுந்து பார் கவுண்டருக்கே போய்ப் பார்த்தேன். சாதாரண பீரைப் பிடித்து, பம்ப் பாட்டிலிலிருந்து இரண்டு அமுக்கு அமுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் மறுக்கவில்லை. “எல்லாரும் இப்படித்தான் சார் விரும்புறாங்க” என்றார். பீரில் சிரப் கலந்து விற்கட்டும், அதை மெனுவில் அப்படியே எழுதட்டும். காய்ச்சியது என்று சொல்லி விற்பது ஏமாற்று.

எனக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஹாப்ஸ் பரவுவதற்கு முன் ஐரோப்பாவில் சதுப்பு நிலச் செடிகளையும் காட்டு மூலிகைகளையும் போட்டுத்தான் பீர் காய்ச்சினார்கள். பெல்ஜியத்தின் கோதுமை பீரில் இன்றும் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். நம் ஊர் வேரை வைத்து நியாயமாகச் செய்தால் அருமையான பீர் வரும். அந்த வாய்ப்பைத்தான் இவர்கள் கெடுக்கிறார்கள்.

பில் அடுத்த கொடுமை. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையவே கிடையாது. இவர்கள் பீரையும் சேர்த்து ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். கேட்காமல் பில்லில் அதைச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. வாக்குவாதம் செய்த பிறகு இரண்டையும் எடுத்தார்கள். பீர் காசு மட்டும் வரவில்லை.

போகிறவர்கள் ஆர்டர் செய்யும் முன் சின்ன கிளாஸில் சாம்பிள் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் தருவார்கள். மூலிகையை எந்தக் கட்டத்தில் போடுகிறீர்கள் என்றும் கேளுங்கள். உண்மையாகக் காய்ச்சுகிறவர் ஆசையாக விளக்குவார். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.