ஏஜென்ட் ஐடி பேக்கேஜ்: பொருள் சரி, நான் வாங்கிய மாதம்தான் தப்பு

2025 ஏப்ரல் 9-ம் தேதி, ஜி.எஸ்.டி. சேர்த்து 5,900 ரூபாய் கட்டி, வீட்டிலிருந்தே டிராவல்ஸ் நடத்துவதற்கான ஏஜென்ட் பேக்கேஜ் ஒன்றை வாங்கினேன். ரயில், பஸ், விமானம், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் ஒரே லாகின். கம்பெனி பெயர் வேண்டாம். இதே மாதிரி பேக்கேஜை வேறு பலரும் விற்கிறார்கள், நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு வருஷம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ராஜபாளையம். பதினாறு வருஷம் மில் ஆபீஸில் கணக்கு எழுதினேன். மாமியாருக்கு நடக்க முடியாமல் போனதும் வேலையை விட்டேன். முன்னறையில் ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள், அதனால் டிக்கெட்டுக்கு ஆள் தேட வேண்டியதில்லை என்பதுதான் என் கணக்கு.

போனில் பேசிய விற்பனைப் பையன், "இப்ப லீவு சீசன் மேடம், இப்ப எடுத்தீங்கன்னா ஒரே மாசத்துல போட்ட பணத்தை எடுத்துடலாம்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கடை திறந்தால்தானே கூட்டம் வரும்?

பான் கார்டு, ஆதார், போட்டோ, முகவரிச் சான்று எல்லாம் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். முகவரிச் சான்றில் கதவு எண் தெளிவாக இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் வீடியோ காலில் சரிபார்ப்பு, அதற்கப்புறம் ரயில்வே பக்கத்து ஒப்புதல். என் ஏஜென்ட் லாகின் ஐடி இயங்க ஆரம்பித்தது ஏப்ரல் 28-ம் தேதி. பத்தொன்பது நாள். பேக்கேஜில் எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான். "மூன்று வேலை நாள்" என்று சொல்லி விற்றுவிட்டு இவ்வளவு இழுத்தது சரியில்லை.

ஆனால் மூன்றே நாளில் வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்பது பிறகுதான் புரிந்தது. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1-லிருந்து 60 நாள். அதாவது மே 15-ம் தேதி பயணத்துக்கு மார்ச் 16-லேயே கதவு திறந்துவிட்டது. என் ஐடி உயிர் பெற்ற ஏப்ரல் 28 அன்று காலை ரயில்வே புதிதாக விற்க ஆரம்பித்தது ஜூன் 27 பயணத்தை. ஜூன் 2-ம் தேதி பள்ளிக்கூடமே திறந்தாகிவிட்டது. ஜூன் 27-க்கு யார் கேட்பார்கள்?

வந்தவர்கள் எல்லோரும் மே மாதத்துக்கே கேட்டார்கள். எங்கள் ஊர் வழியாகச் சென்னை போகிற பொதிகை ரயிலில் எந்தத் தேதியைப் போட்டாலும் வெயிட்டிங் லிஸ்ட். எதிர்வீட்டு மதினி, "நீ இருக்கேன்னுதானே மதினி நாங்க அலையாம இருந்தோம்" என்றாள். அந்த மே மாதம் நான் போட்டது மொத்தம் பதினான்கு டிக்கெட், அதில் ஐந்து சார்ட் போட்டும் உறுதியாகாமல் தானாக ரத்தானது. அந்த ஐந்து வீட்டுக்கும் என் சேவைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி கொடுக்க வேண்டியதில்லை. தெருவில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும் அல்லவா.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 20 ரூபாய், ஏசி டிக்கெட்டுக்கு 40 ரூபாய்தான் ஏஜென்ட் வாங்கலாம். ஆள் கணக்கு கிடையாது, டிக்கெட் கணக்கு. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் இருந்தாலும் அதே 20. போட்ட 5,900-ஐ ஸ்லீப்பரில் மட்டும் எடுக்க 295 டிக்கெட் போட வேண்டும். இதற்கு மேல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்த ஐடியில் ஊருக்கே டிக்கெட் போட்டுக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது ரயில்வே சட்டம் 143-ம் பிரிவில் குற்றம், மூன்று வருஷம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். 5,900 கட்டியதில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி, பயமில்லாமல் பில் போட்டுக் கொடுக்கிறேன் என்பது.

தட்கலை நம்பி இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். 2025 ஜூலை 1-லிருந்து தட்கல் திறக்கும் முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்குக் கிடையாது. ஏசிக்கு 10 மணியிலிருந்து 10.30, மற்றதற்கு 11-லிருந்து 11.30. எங்கள் தடத்தில் 11.30-க்கு என்ன மிஞ்சும்? சாதாரண முன்பதிவிலும் அந்த ஆகஸ்டில் திறக்கும் நாளில் முதல் பத்து நிமிடம் நாம் உள்ளே போக முடியாமல் இருந்தது. பொதுமக்களுக்கு நியாயமான ஏற்பாடு, எனக்கு அதில் வருத்தமில்லை. இதையெல்லாம் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் கோபம்.

ஜூன் முழுக்கக் கிட்டத்தட்ட சும்மா இருந்தேன். அந்தச் சும்மாதான் என்னைக் காப்பாற்றியது. ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், பணம் எத்தனை நாளில் வாலட்டுக்கு, அதாவது நாம் முன்பணம் போட்டு வைக்கும் கணக்குக்குத் திரும்பும், பெயரில் எழுத்துப் பிழை வந்தால் என்ன செய்வது, எல்லாவற்றையும் அவசரமில்லாமல் கற்றேன். லோயர் பெர்த் ஒதுக்கீட்டை அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். அறுபது வயதான ஆணும் நாற்பத்தைந்து வயதான பெண்ணும் அதில் வரலாம், ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஆறு பெரியவர்களை ஒரே டிக்கெட்டில் போட்டால் முழங்கால் வலிக்காரர் மேல் பெர்த்தில் ஏற வேண்டிவரும். மூன்று டிக்கெட்டாகப் பிரித்துப் போட்டால் கீழே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடி மற்ற ஊர் மாதிரி அடங்கிக் கிடக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர், சதுரகிரியில் ஆடி அமாவாசை, சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. ஆனால் இவையெல்லாம் பஸ்ஸிலும் வேனிலும் போய்வருகிற ஊர்கள், டிக்கெட் யாவாரம் இல்லை. கல்யாணமும் இல்லாததால் ஜனங்கள் வீட்டில் இருந்தார்கள். நான் ஒவ்வொரு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டேன்: தீபாவளிக்குப் பிள்ளைகள் என்றைக்குக் கிளம்புகிறார்கள், என்றைக்குத் திரும்புகிறார்கள்? ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைந்தது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி வைத்திருக்கிற இரண்டு பேர், "ஆடியிலே தீபாவளியப் பத்திக் கேக்கிறியேம்மா" என்று ஆச்சரியப்பட்டார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிக்கொடுத்ததே அவர்கள் தலைமுறைதான்.

தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை 17-ம் தேதி சென்னையிலிருந்து கிளம்ப, முன்பதிவு ஆகஸ்ட் 18 காலை 8 மணிக்கு. ஆவணி 2. நான் உள்ளே போக முடிந்தது 8.10-க்கு. பொதிகை போயே போய்விட்டது. ஆனால் நோட்டு கையில் இருந்ததால், யாருக்கு வியாழனே கிளம்ப முடியும், யார் பாண்டியன் ரயிலில் மதுரை வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கத் தயார், யார் செவ்வாய்க்குப் பதில் புதன் திரும்பலாம் என்பது முன்னாலேயே தெரியும். திரும்பும் பயணத்துக்கு ஆகஸ்ட் 22, 23 காலைகளில் உட்கார்ந்தேன். அந்த ஒரே மாதத்தில் 63 டிக்கெட். போர்ட்டல் அந்த நாட்களில் ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

வாலட்டில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்க வேண்டும், இது தெரியாமல் இறங்கக்கூடாது. ஆவணி முதல் வாரம் 40,000 ரூபாய் அதில் கிடந்தது. என் சேமிப்பில் பாதி. ரத்தான டிக்கெட் பணமும் வாலட்டுக்குத்தான் வருகிறது, வங்கிக்கு மாற்ற மூன்று நாள் ஆகிறது. ஒரு தடவை ஒன்பது நாள் ஆனது. போன் செய்தால் எடுக்கிற பெண் பொறுமையாகப் பேசுவார், அடுத்த நாள் தானே கூப்பிட்டும் சொன்னார்.

பஸ் டிக்கெட்டில் கமிஷன் ரயிலைவிட நன்றாகவே நிற்கிறது, ஆனால் பண்டிகை நாளில் ஆம்னி பஸ் கட்டணம் ஏறுவதைப் பார்த்தால் வாங்குகிறவர் நம்மைத்தான் சந்தேகப்படுவார். நான் திரையைத் திருப்பிக் காட்டிவிடுவேன். விமானம் மொத்தம் ஏழு டிக்கெட். ஹோட்டல் பகுதியை நான் தொடவே இல்லை.

கார்த்திகைக்கு மாலை போடுகிற குழுவுக்கு வேன் ஏற்பாடும் செய்தேன். அதற்கு பேக்கேஜ் உதவாது, ஆனால் பேக்கேஜால் வந்த பழக்கம் உதவியது. புரட்டாசியிலேயே வேன்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து வைத்தேன். கார்த்திகை ஒன்று வந்தபின் கேட்டால் செங்கோட்டை வரைக்கும் ஒரு வேன் கிடைக்காது. சபரிமலை ஆன்லைன் வரிசைப் பதிவைச் சாமிமார்களுக்குக் காசு வாங்காமல் செய்துகொடுத்தேன். அந்தக் குழுவின் குருசாமி வீட்டிலிருந்துதான் மாசி மாதத்துக் காசி யாத்திரைக்கு முதல் பதினாறு பேர் வந்தார்கள். காசிக்கு மழைக்காலம் ஆகாது, கங்கை ஏறிப் படித்துறை மூழ்கும். மார்கழி, தையில் பனிமூட்டத்தில் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். மாசி நல்ல மாதம். அதற்கு டிக்கெட் மார்கழியில் போட்டாக வேண்டும், அப்படியானால் கார்த்திகையில் பேச்சை எடுக்க வேண்டும். பதினாறு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள், எட்டு டிக்கெட்டாகப் போட்டேன். போகும்போது பதினான்கு பேருக்குக் கீழ் பெர்த் கிடைத்தது.

பொங்கலுக்கு ஜனவரி 9 பயணம், நவம்பர் 10-ல் திறந்தது. அக்டோபரிலிருந்து முன்பதிவு திறந்த உடனே போடுவது ஆதார் சரிபார்த்த சொந்தக் கணக்குகளுக்கே என்று ஆகிவிட்டதால், பொதிகைதான் வேண்டும் என்றவர்களுக்கு அவரவர் கணக்கில் ஆதாரை இணைத்துக்கொடுத்து, அவர்களையே போடச் சொன்னேன். எனக்கு 20 ரூபாய் போனது. பஸ்ஸுக்கும் வேனுக்கும் அவர்கள் என்னிடம்தான் வந்தார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஐடி வரத் தாமதமானதற்கு ஒன்று, விதிகளை மறைத்து விற்றதற்கு அரை கழித்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் ஆனி முதல் வாரத்தில் பணம் கட்டுங்கள். ஒப்புதல் இழுத்தாலும் ஆடிக்குள் ஐடி வந்துவிடும், கற்றுக்கொள்ள நாள் இருக்கும், ஆவணியில் தீபாவளி முன்பதிவு திறக்கும்போது கை பழகியிருக்கும். நீங்கள் இருப்பது ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் உங்கள் கணக்கு வேறு. கோடைக்கு மாசிக்குள் தயாராக வேண்டும்.

எனக்குப் புதுப்பிக்கும் தேதி ஒவ்வொரு ஏப்ரலும் வரும், அதை மாற்ற முடியாதாம். கட்டிவிட்டேன். எதிர்வீட்டு மதினியின் மகள் பிரசவ லீவில் வந்திருக்கிறாள், தானும் ஐடி எடுக்கட்டுமா என்று நேற்றுக் கேட்டாள். பிள்ளைக்குப் பேர் வைத்து முடியட்டும், ஆனி ஒன்றாம் தேதி பான் கார்டை எடுத்துக்கொண்டு வா, முகவரிச் சான்றில் கதவு எண் தெளிவாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.