மோல்டு முகம் வழவழப்பாக: பாலிஷா, பூச்சா?

கண்ணாடி மாதிரி தெளிவாக வரவேண்டிய பாலிகார்பனேட் மூடி அது. டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கோடுகள் தெரிந்தன. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி வடிவம் கொடுக்கும் எஃகு அச்சுதான் மோல்டு; அதன் உட்குழியான கேவிட்டியில் மில்லிங் கட்டர் ஓடிய தடம் அப்படியே பிளாஸ்டிக்கில் இறங்கியிருந்தது. பல வருடங்களுக்கு முன், எங்கள் டூல் ரூமில் இதற்கு நாங்கள் செய்த வைத்தியம் ஹார்டு குரோம், அதாவது மின்சாரத்தால் ஏற்றும் கெட்டியான குரோமியப் பூச்சு. மேலே ஒரு பூச்சு ஏறினால் கோடு மறைந்துவிடும் என்று நம்பினோம். மோல்டு திரும்பி வந்தபோது கோடுகள் முன்பைவிடப் பளிச்சென்று இருந்தன. அன்றிலிருந்து எந்தக் கோட்டிங் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது பள்ளத்தை நிரப்புமா, இருப்பதை நகல் எடுக்குமா?

குரோம் நகல்கூட ஒழுங்காக எடுக்காது. மின்சாரம் மேடுகளிலும் விளிம்புகளிலும் கூடுதலாகக் குவிவதால் அங்கே பூச்சு தடிக்கிறது, பள்ளத்தில் மெலிகிறது. நாங்கள் ஏமாந்தது அதில்தான். விக்கர்ஸ் என்ற கடின அளவுகோலில் 900 அளவு கடினம் என்பதால் கண்ணாடி நார் கலந்த நைலான் அரிப்பதை அது நன்றாகத் தாங்கும். தேய்மானத்துக்குக் கொடுங்கள், வழவழப்புக்குக் கொடுக்காதீர்கள். குளியல் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது.

எலக்ட்ரோலெஸ் நிக்கல் வேறு ரகம். மின்சாரம் கிடையாது. 90 டிகிரிக்குப் பக்கத்தில் சூடான கரைசலில் ரசாயன வினையாலேயே படிகிறது. ஆழமான ரிப் (விலா மாதிரி ஒடுங்கிய பள்ளம்), மரை, மூலை எல்லாவற்றிலும் ஒரே கனம் வரும். அதாவது நேர்மையான நகல். கோடு இருந்தால் கோடாகவே இருக்கும். பிவிசி சிதையும்போது வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து எஃகைக் காப்பதற்கு இது நல்ல கவசம். ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொரு குணம். பாஸ்பரஸ் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இந்தப் படலத்தில் படிகமணிகள் இருப்பதில்லை. அதனால் ஒற்றை முனை வைர டூலால் இதைக் கடைந்து கண்ணாடி மாதிரி ஆக்கலாம். எஃகையே அப்படிக் கடைய முடியாதா என்றால், வைரத்தின் கார்பனை இரும்பு இழுத்துக்கொள்ளும், டூல் சீக்கிரம் மழுங்கிவிடும். லென்ஸ் மோல்டுகளில் எஃகின்மேல் நிக்கல் படலம் ஏற்றி அதைக் கடைவது இதனால்தான். பூச்சு தானாக வழவழப்பைத் தருவதில்லை. வழவழப்பாக்கத் தோதான உலோகத்தை நம் கையில் தருகிறது.

டைட்டானியம் நைட்ரைடு மாதிரி, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் பிவிடி பூச்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1 முதல் 4 மைக்ரான் கனம், குரோமைவிட இரு மடங்குக்கு மேல் கடினம். மின்பொறியால் உலோகத்தை ஆவியாக்கும் ஆர்க் முறையில் ஏற்றினால் நுண்ணிய உலோகத் துளிகள் தெறித்து முகம் சற்றுச் சொரசொரப்பாகும், அப்புறம் மறுபடி பாலிஷ் போட வேண்டும். டிஎல்சி (வைரம் போன்ற கார்பன் படலம்) உராய்வைக் குறைத்து பாகம் எளிதாகக் கழன்றுவர உதவும். கோட்டை அழிக்காது.

உண்மையிலேயே பள்ளத்தை நிரப்புவது திரவப் பூச்சு. ஹைட்ரஜன் சில்செஸ்குயாக்ஸேன் என்ற பொருளின் கரைசல், முன்பு சிப் தயாரிப்பில் சிலிக்கான் தட்டின் மேடுபள்ளங்களைச் சமன்செய்யப் பயன்பட்டது. அதையே மோல்டு முகத்தில் தெளிக்கலாம். திரவம் என்பதால் பரப்பு இழுவிசையே அதைச் சமமாக்குகிறது. பிறகு 400 டிகிரிக்கு மேல் சுட்டால் கண்ணாடி போன்ற சிலிக்கா படலமாக இறுகும். பாலிஷ்காரர் கை போகாத இடத்துக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆனால் கனம் சுமார் ஒரு மைக்ரான்தான். மின்பொறியால் எஃகை அரித்தெடுக்கும் ஸ்பார்க் அரிப்பு விட்ட முரட்டுக் குழிகளை அது மூடாது. கரைப்பான் ஆவியாகும்போது படலம் சுருங்குவதால் ஆழமான கோட்டின்மேல் லேசான குழிவு மிச்சமிருக்கும். கூரான உள்மூலைகளில் திரவம் தேங்கும். சுடுகிற சூடும் இன்னொரு சிக்கல்: 250 டிகிரியில் டெம்பர் செய்த (கடினமாக்கியபின் மறுபடி மிதமாகச் சூடாக்கிய) ஸ்டெயின்லெஸ் மோல்டு எஃகுக்கு அந்தச் சூட்டில் துருவைத் தாங்கும் திறன் குறையும், அளவும் மாறலாம். ஆர்டர் போடுமுன் டெம்பர் சூட்டை ஹீட் ட்ரீட்மென்ட் சான்றிதழில் பாருங்கள்.

கைப் பாலிஷோ? ஸ்டோன், எமரி, டைமண்ட் பேஸ்ட் என்று படிப்படியாக 6000 கிரிட் வரை போனால் எஸ்பிஐ ஏ-1 என்ற மிக உயர்ந்த பளபளப்புத் தரம் கிடைக்கும், அதாவது ஆர்ஏ (சராசரி சொரசொரப்பு) 0.025 மைக்ரானுக்குள். நாட்கணக்கில் நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு அழுத்தினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும், விளிம்பும் மழுங்கும். ஆனாலும் எஃகை வெட்டியே சமமாக்கும் வேலை என்பதால் ஆழமான தடத்தை எடுக்க வேறு வழியில்லை.

அந்தப் பாலிகார்பனேட் மூடி இன்று வந்தால், கட்டர் தடம் மறையும்வரை ஸ்டோன், எமரி போட்டு, எஃகு சூட்டைத் தாங்குமென்றால் திரவப் பூச்சு கொடுப்பேன். தாங்காதென்றால் கையால், ஏ-1க்கு ஒரு படி கீழான ஏ-2 வரை போய் பூச்சு இல்லாமல் விடுவேன். ரப்பர் மாதிரி மென்மையான டிபிஇ பாகமென்றால் பாலிஷ், பூச்சு எதுவுமே கேட்க மாட்டேன். கண்ணாடி முகத்தில் அது ஒட்டிக்கொண்டு, பாகத்தை வெளியே தள்ளும் எஜெக்டர் பின்னுக்கும் அசையாது. பிளாஸ்டிங் செய்த (துகள்களை வேகமாக வீசிய) மங்கல் முகம்தான் அதற்குச் சரி.