தோள் நரம்பு பாதித்தபின் வாங்கிய முதுகுப்பை: சில ஆண்டுகள் கழித்து

50 லிட்டர் கொள்ளளவு, உள்ளே அலுமினியச் சட்டம், தடித்த இடுப்புப் பட்டை. என் மலையேற்றங்களுக்கெல்லாம் சில ஆண்டுகளாக இந்தப் பைதான்.

இதை வாங்க வைத்தது மேற்கு வங்க–நேபாள எல்லையிலுள்ள சந்தக்பு மலைக்குப் போன பயணம். 3,636 மீட்டர் உயரம். அன்று சுமந்த பையில் இடுப்புப் பட்டை கிடையாது. பாரம் முழுவதும் தோளில். இறங்கி வந்தபின் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. வலி அதிகம் இல்லாததுதான் என்னை மேலும் பயமுறுத்தியது. நரம்பியல் மருத்துவர் சுவரில் கையூன்றித் தள்ளச் சொன்னார். வலது தோள்பட்டை எலும்பு இறக்கை போல முதுகிலிருந்து புடைத்து நின்றது.

அந்த எலும்பை விலாவோடு அணைத்துப் பிடிக்கும் தசைக்குக் கழுத்திலிருந்து ஒரு நீண்ட நரம்பு இறங்கி வருகிறது. பையின் வார் மணிக்கணக்கில் தோளைக் கீழே இழுக்கும்போது அது நசுங்கும், இழுபடும். ராணுவ வீரர்களிடமும் காணப்படும் இந்தப் பாதிப்பை மருத்துவர்கள் ‘ரக்சாக் பால்சி’ என்கிறார்கள். பெரும்பாலோருக்கு நரம்பு அறுபடுவதில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். எனக்கும் இயன்முறைப் பயிற்சியோடு மெல்லத் தேறியது.

புதிய பையில் முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இறுக்குவேன். பிறகே தோள்வார், கடைசியாக மார்புப் பட்டை. தோள்வாருக்கு அடியில் இரண்டு விரல் சிரமமின்றி நுழைய வேண்டும்; நுழையாவிட்டால் பாரம் மறுபடி தோளுக்கு ஏறிவிட்டது என்று பொருள். நீண்ட இறக்கங்களில் பட்டை தளர்வதால் அடிக்கடி நின்று சரிசெய்ய வேண்டியிருக்கிறது. முதுகின் நீளத்துக்கேற்பச் சட்டத்தை ஏற்றி இறக்கும் வசதி மிக முக்கியம். அது பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல பட்டையும் வயிற்றில்தான் போய் உட்காரும்.

குறைகளும் உண்டு. வெறும் பையே ஏறத்தாழ இரண்டு கிலோ. வெயிலில் இடுப்பு வியர்த்துத் தோல் உரிகிறது. நெரிசலான பஸ்ஸில் பட்டையின் கொக்கி யார் மீதாவது இடிக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளின் பைகளைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபமே வருகிறது. பையின் எடை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் வெளியான ஒன்றிய அரசின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. அவர்களுடைய பைகளிலோ இடுப்புப் பட்டையே இருப்பதில்லை.

என் பையில் பட்டையின் பஞ்சு இப்போது அமுங்கத் தொடங்கிவிட்டது. பட்டையை மட்டும் தனியாக மாற்ற இதில் வழியில்லை. அடுத்து வாங்குவதும் இதே வகைதான்; ஆனால் பட்டையைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து எடுப்பேன்.