கோடை இசை முகாம்: மண்டபத்தின் பெயரை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்

ஜூன் விடுமுறைக்குப் பிள்ளையை வெளிநாட்டு இசை முகாமுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இங்கே சிங்கப்பூரிலுள்ள ஓர் ஏற்பாட்டாளரிடம் சில தமிழ்க் குடும்பங்கள் தலைக்கு 5,800 வெள்ளி கட்டி ஏமாந்திருக்கின்றன. விமான டிக்கெட் தனி. விவகாரம் நடுவர் மன்றத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நடந்த விதம் தெரிந்தால், நாளைக்கு வேறு பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

சொன்னது இது: ஐரோப்பாவில் பெயர்பெற்ற ஓர் இசைக் கல்லூரியில் பத்து நாள் வயலின் பயிற்சி, பேராசிரியரிடம் தனி வகுப்பு, மாஸ்டர் கிளாஸ் (மற்றவர்கள் முன் வாசித்துக் காட்டித் திருத்தம் பெறும் வகுப்பு), கடைசி நாள் பியானோ துணையோடு மேடை. அங்கே போன பிறகுதான் கல்லூரிக்கும் முகாமுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. அறைகளை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பேராசிரியர் ஒரே ஒரு பிற்பகல் வந்தார். இரண்டு மணி நேர மாஸ்டர் கிளாஸில் 15 பிள்ளைகள், ஆளுக்கு எட்டு நிமிடம். ஒரு பிள்ளை கான்செர்ட்டோவின் (ஆர்கெஸ்ட்ராவோடு ஒருவர் தனித்து வாசிக்கும் உருப்படி) முதல் பக்கத்தை வாசித்து முடித்ததும், அவர் வில் பிடித்த கையின் சுண்டுவிரலைத் திருத்தினார். அதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள். தனி வகுப்புகளை எடுத்தவர்கள் அந்தக் கல்லூரி மாணவர்கள்.

மேடையில் நடந்தது அதைவிட மோசம். பியானோ வாசிப்பவரைப் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்ததே கச்சேரி அன்று காலையில். கான்செர்ட்டோவில் ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் நீண்ட பகுதிகளைப் பியானோவோடு வாசிக்கும்போது சுருக்குவது வழக்கம். எந்த இடத்தில் வெட்டுவது என்று இருவரும் முன்பே பேசி, தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அது நடக்கவில்லை. பிள்ளை வில்லை எடுத்து வைத்துக் காத்திருக்க, பியானோ அந்தப் பகுதியை முழுதாக வாசித்துக்கொண்டே போனது. பயந்துபோன பிள்ளை, அடுத்த இடத்தைத் தவறவிட்டது. பல மாதம் உழைத்த பிள்ளைக்கு இப்படிச் செய்தது பெரிய அநியாயம்.

மண்டபம் வாடகைக்குக் கிடைக்கும் என்பதைப் பெற்றோர் பலர் யோசிப்பதில்லை. நியூயார்க் கார்னகி ஹாலில் வாசிக்கலாம் என்று விளம்பரம் வந்தால், எந்த அரங்கு என்று கேளுங்கள். படங்களில் நாம் பார்க்கும் பெரிய அரங்கில் 2,804 இருக்கைகள். அதே கட்டடத்திலுள்ள வைல் ரிசைட்டல் ஹாலில் 268 மட்டுமே. பணம் கட்டினால் வெளி ஏற்பாட்டாளர்களுக்கும் கிடைக்கும். நம் எஸ்பிளனேட் கலையரங்கில் 245 இருக்கை கொண்ட ரிசைட்டல் ஸ்டூடியோவையும் வாடகைக்கு எடுக்கலாம். அதில் தப்பில்லை. வாடகை மேடையைத் தேர்வில் வென்று கிடைத்த அழைப்பு மாதிரி விற்பதுதான் தப்பு.

தேதியே பாதி உண்மையைச் சொல்லிவிடும். மிச்சிகனில் 1928 முதல் நடக்கும் இன்டர்லாக்கன் போன்ற பெரிய முகாம்கள் ஜூன் கடைசியில்தான் தொடங்கி ஆகஸ்ட் வரை போகும். நமக்கு மூன்றாம் தவணையும் ஜூன் கடைசியை ஒட்டியே தொடங்கிவிடும். ஆக, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளை அங்கே போக விடுப்பு கேட்டாக வேண்டும். நம் ஜூன் விடுமுறைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ‘சர்வதேச முகாம்’ என்றால், அது நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகவே கட்டிய பேக்கேஜாக இருக்கலாம். அந்தக் கல்லூரிக்கே மின்னஞ்சல் அனுப்பி, நடத்துவது நீங்களா என்று கேளுங்கள். பேராசிரியருக்கும் எழுதி, எந்தெந்த நாள் இருப்பார் என்று கேளுங்கள். சென்னை முகாமுக்கும் இதே கதைதான். அங்கே கோடை விடுமுறை ஏப்ரல், மே. ஜூனில் என்றால், பெயர் போட்ட வித்வான் தினமும் பாடம் எடுப்பாரா, குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போய்விடுவாரா என்று கேட்டே ஆக வேண்டும்.

தேர்வு வைத்துச் சேர்க்கும் முகாம்கள் பல மாதம் முன்பே விண்ணப்பம் வாங்கும். பெரும்பாலும் மாறுபட்ட இரண்டு உருப்படிகளை, வெட்டி ஒட்டாத வீடியோவாகக் கேட்பார்கள். இடமில்லை என்றும் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிய அன்றே ‘தேர்வாகிவிட்டார், நாளைக்குள் முன்பணம்’ என்று பதில் வந்தால், அந்த வீடியோவை யாரும் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பணம் கட்டும் முன் நாள்வாரி அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். தனி வகுப்பு எத்தனை, எத்தனை நிமிடம், எடுப்பவர் பெயர் என்ன. மாஸ்டர் கிளாஸில் பிள்ளை வாசிக்குமா, உட்கார்ந்து பார்க்குமா. பியானோவோடு ஒத்திகை எத்தனை (குறைந்தது இரண்டு, அரை மணி நேரமாவது). பயிற்சி அறை தினமும் எத்தனை மணி நேரம். இரவில் விடுதியில் பொறுப்பாளர் யார். இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் மண்டபத்தின் படத்தையே அனுப்பிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

டிஎஸ்ஏ (திறமையைப் பார்த்து உயர்நிலைப் பள்ளிகள் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் திட்டம்) என்ற ஆசை காட்டுவதும் நடக்கிறது. தொடக்கநிலை ஆறு பிள்ளைகளுக்கு அந்த விண்ணப்பம் மே மாதம் திறந்து ஜூன் தொடக்கத்தில் மூடிவிடும். ஜூன் முகாம் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் காலம் கடந்திருக்கும். அதோடு, பள்ளி பிள்ளையை நேரில் வாசிக்கச் சொல்லித்தான் பார்க்கும்.

ரசீதில் இருக்கும் யூஇஎன் என்ற நிறுவனப் பதிவு எண்ணை, நிறுவனங்களைப் பதியும் ஆக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். தனிநபர் கணக்குக்குப் பேநவில் பணம் அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், சொன்ன சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட வழி இருக்கிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் விளம்பரம் மாறிவிடலாம். பிறகு பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம், அல்லது நேரே, சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்துக்கே போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000. அங்கே வழக்கறிஞருக்கு அனுமதியில்லை, நீங்களேதான் பேச வேண்டும். அதனால் விளம்பரத்தில் சொன்ன அட்டவணையையும் உண்மையில் நடந்த அட்டவணையையும் நாள்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.